புரோக்கர் கையில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது?

பங்குச்சந்தை கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புரோக்கரைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

நான் வாங்கிய பங்குகள் புரோக்கர் கம்பெனியிடம்தான் இருக்கின்றனவா? கம்பெனியை மூடிவிட்டால் பங்குகளும் போய்விடுமா? புரோக்கர் இல்லாமல் நேரடியாக வாங்கவே முடியாதா?
– வாசகி, கும்பகோணம்

பங்குகள் அவரிடம் இல்லை. பங்குகளை மின்னணு வடிவில் பாதுகாக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஏதோ ஒன்றில், உங்கள் பெயரில் உள்ள டீமேட் கணக்கில் இருக்கின்றன. அந்தக் கணக்கைத் திறந்து பராமரிக்கும் ஏஜென்ட் வேலையைத்தான் புரோக்கர் பார்க்கிறார். கணக்கு எண் 16 இலக்கம். முழுவதும் எண்களாக இருந்தால் சிடிஎஸ்எல்; 'ஐஎன்' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் என்எஸ்டிஎல்.

ஆர்டர் போகும் வழி வேறு. என்எஸ்இ, பிஎஸ்இ எக்ஸ்சேஞ்சுகளில் உறுப்பினராக உள்ளவர் வழியாக மட்டுமே ஆர்டர் உள்ளே நுழைய முடியும். விற்றவர் பங்கு தராவிட்டாலும், வாங்கியவர் பணம் தராவிட்டாலும் கிளியரிங் கார்ப்பரேஷன் இடையில் நின்று வியாபாரத்தை முடித்து வைக்கிறது. அதற்கு ஈடாக முன்பணமும் டெபாசிட்டும் கட்டி, தன் வாடிக்கையாளருக்காகப் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் புரோக்கர். ஐபிஓ-வுக்கு, அதாவது ஒரு கம்பெனி முதல் முறையாக வெளியிடும் பங்குக்கு மட்டும் அவர் தேவையில்லை. டீமேட் இருந்தால் வங்கி வழியாகவே விண்ணப்பித்துவிடலாம்.

2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி+1 செட்டில்மென்ட். திங்கள் வாங்கினால் செவ்வாய் மாலைக்குள் டீமேட்டில் ஏறிவிட வேண்டும். முன்பெல்லாம் எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான புரோக்கரின் பூல் கணக்குக்கு வந்து, அங்கிருந்து உங்களுக்கு மாறும். இப்போது கிளியரிங் கார்ப்பரேஷனிலிருந்து நேராக உங்கள் டீமேட்டுக்கே அனுப்பும் முறை வந்துவிட்டது. ஆக, கம்பெனி மூடினாலும் டீமேட்டில் கிடக்கும் பங்குக்கு ஆபத்தில்லை. ஆபத்து டிரேடிங் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்துக்கும், அடமானம் வைத்த பங்குக்கும்தான்.

ஒன்று செய்யுங்கள். புரோக்கர் ஆப் காட்டும் இருப்பை மட்டும் பார்க்காதீர்கள். வியாபாரம் நடந்த மாதங்களில் டெபாசிட்டரியே மின்னஞ்சலில் ஒரு மொத்தக் கணக்கு அறிக்கை அனுப்பும். ஆப்பில் 200 பங்கு, அறிக்கையில் 150 என்றால் அறிக்கை சொல்வதுதான் கணக்கு. மீதி 50 எங்கே என்று அன்றே கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் புரோக்கர் அரை சதவீதம் கமிஷன் என்கிறார். ஆன்லைன் புரோக்கர்கள் 20 ரூபாய் என்கிறார்கள். சிலர் இலவசம் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு செலவாகும்?
– வாசகர், விருதுநகர்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 500 ரூபாய் வீதம் 100 பங்கு வாங்கி, சில மாதம் கழித்து 520-க்கு விற்கிறீர்கள். வாங்கியது 50,000, விற்றது 52,000, லாபம் 2,000.

புரோக்கர் யாராக இருந்தாலும் மாறாத செலவுகள் முதலில். டெலிவரி வியாபாரத்துக்கு (பங்கை டீமேட்டில் வாங்கி வைத்துப் பிறகு விற்பதற்கு) எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம்: 50 + 52 = 102 ரூபாய். முத்திரைத்தாள் வரி வாங்கும்போது மட்டும் 0.015 சதவீதம்: 7.50. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் லட்சத்துக்குச் சுமார் 3 ரூபாய். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் கட்டணம் கோடிக்கு 10 ரூபாய், அதாவது இங்கே 10 பைசா.

அரை சதவீத புரோக்கரேஜ் என்றால் 250 + 260 = 510. புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், செபி கட்டணம் மூன்றுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 92. விற்கும் நாளில் டீமேட்டிலிருந்து பங்கை எடுக்க டிபி சார்ஜ் 15 ரூபாய் என்று வைத்தால் வரியோடு 17.70. மொத்தம் சுமார் 733 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குபவரிடம் இதே வியாபாரம் சுமார் 178-இல் முடிந்திருக்கும். இரண்டாயிரத்தில் உங்கள் கைக்கு வருவது அங்கே 1,267, இங்கே 1,822.

அதற்காக 20 ரூபாய் எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம். 2,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குபவருக்கு அந்த 20 ரூபாயே ஒரு சதவீதம். அவருக்கு அரை சதவீதக்காரர்தான் மலிவு, அவரும் குறைந்தபட்சத் தொகை எதுவும் வைக்காமல் இருந்தால். 'பங்குக்குக் குறைந்தது 5 பைசா' என்ற வரியைக் கட்டணப் பட்டியலில் தேடிப் பாருங்கள். 4 ரூபாய் பங்கில் அந்த 5 பைசா 1.25 சதவீதம்! விதிப்படி புரோக்கரேஜின் உச்சவரம்பு 2.5 சதவீதம், 10 ரூபாயோ அதற்குக் குறைவோ உள்ள பங்குக்கு 25 பைசா.

'இலவசம்' என்பவர்களிடமும் டிபி சார்ஜ் உண்டு. அது ஒரு நாளில் ஒரு கம்பெனிப் பங்குக்கு ஒரு முறை என்ற கணக்கில் விழும். எத்தனை பங்கு என்பது பொருட்டல்ல. ஒரே கம்பெனிப் பங்கை ஒரே நாளில் பத்துத் தடவை விற்றாலும் ஒரு சார்ஜ். பத்து நாளில் பத்தாகப் பிரித்து விற்றால் பத்து சார்ஜ். இது தெரியாமல், 1,000 ரூபாய் பங்கைத் துண்டு துண்டாக விற்பவர்கள் ஏராளம்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் பாருங்கள். எல்லா இடமும் சேர்த்து உங்களுக்கு ஒரே டீமேட்தான் இருக்கிறது, அதிலுள்ள மதிப்பு 4 லட்சத்துக்குள் என்றால், பிஎஸ்டிஏ என்ற அடிப்படைக் கணக்குக்குத் தகுதி உண்டு, கட்டணம் பூஜ்யம். 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்.

தினமும் கான்ட்ராக்ட் நோட் என்று ஒரு பிடிஎஃப் வருகிறது. அதில் என்ன பார்ப்பது?
– வாசகர், திண்டுக்கல்

திறந்து பார்க்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். வியாபாரம் நடந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டிய சட்டபூர்வ ஆவணம் அது. பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்கள் பான் எண்தான்.

முதலில் ஆர்டர் எண்ணும் ஆர்டர் நேரமும், அடுத்து டிரேடு எண்ணும் டிரேடு நேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 10:14-க்குக் கொடுத்த ஆர்டர் 10:14-க்கே முடிந்திருந்தால் சரி. நீங்கள் ஆர்டரே கொடுக்காத நேரத்தில் ஒரு வரி இருந்தால், கவனக் குறைவால் வந்த பிழை என்று விட்டுவிடக் கூடாது. அடுத்து வாங்கியதா, விற்றதா, எத்தனை, எந்த விலை, புரோக்கரேஜ் எவ்வளவு என்று பாருங்கள். கடைசி வரியில் 'நீங்கள் தர வேண்டியது' அல்லது 'உங்களுக்கு வர வேண்டியது' என்று ஒரு தொகை இருக்கும். புரோக்கர் வைத்திருக்கும் உங்கள் வரவு-செலவுக் கணக்கான லெட்ஜரில் அதே தேதியில் அதே தொகை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இடையில் அபராதமோ வட்டியோ நுழைந்திருக்கிறது.

அன்று மாலை எக்ஸ்சேஞ்சும் தன் பங்குக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். அது புரோக்கரின் கையைத் தாண்டி வருவதால் நம்பகமானது. இரண்டும் பொருந்த வேண்டும். கணக்குத் திறக்கும்போது செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கிளை ஊழியர் தன்னுடையதாகப் பதிவு செய்துவிட்டால் இந்தத் தகவல் எதுவும் உங்களுக்கு வராது. 'எங்களுக்கு மெசேஜே வருவதில்லை' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கான்ட்ராக்ட் நோட்டும் இல்லை, எக்ஸ்சேஞ்ச் எஸ்எம்எஸ்ஸும் இல்லை, ஆனால் லாப நஷ்டம் மட்டும் வாரக் கடைசியில் ரொக்கமாகக் கைமாறுகிறது என்றால் அது டப்பா டிரேடிங். ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போகவே இல்லை. எதிரே இருப்பவரே உங்களுக்கு எதிராகப் பந்தயம் கட்டியிருக்கிறார். நீங்கள் பெரிதாக ஜெயிக்கும் அன்று அவர் கடை பூட்டியிருக்கும். அது குற்றம், போலீஸில் புகார் கொடுக்கலாம்.

எங்கள் பகுதியில் பெரிய புரோக்கர் கம்பெனியின் கிளை நடத்துபவர், 'பாஸ்வேர்டைக் கொடுங்கள், நானே டிரேடு செய்து மாதம் 3 சதவீதம் தருகிறேன்' என்கிறார். தெரிந்தவர்தான். கொடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது.

அவர் அநேகமாக 'ஆதரைஸ்டு பர்சன்', அதாவது கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற முகவர். சப்-புரோக்கர் என்ற பழைய பிரிவை செபி 2019-இல் எடுத்துவிட்டது. முகவருடைய வேலை வாடிக்கையாளரைச் சேர்ப்பதும், ஆர்டரைக் கம்பெனியின் டெர்மினலில் போடுவதும். உங்கள் பணமோ பங்கோ அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகவே கூடாது. ரொக்கம் வாங்கவும் கூடாது. உறுதியான வருமானம் தருவதாகப் புரோக்கரும் சொல்லக் கூடாது, முகவரும் சொல்லக் கூடாது.

அவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் கட்டும் புரோக்கரேஜில் ஒரு பங்கு அவருக்கு. உங்களுக்கு லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும், வியாபாரம் நடந்தால் அவருக்குக் காசு. பாஸ்வேர்டு கைக்கு வந்தால் ஒரு நாளைக்கு 40 முறை வாங்கி விற்கத் தடை ஏது? முதல் சில மாதம் 3 சதவீதம் சரியாக வரும், பெரும்பாலும் உங்கள் முதலிலிருந்தே எடுத்து. பிறகு 'மார்க்கெட் சரியில்லை'. அப்போது கம்பெனியிடம் போனால், உங்கள் லாகினில், உங்கள் ஓடிபி-யில் நடந்த வியாபாரம் என்று எடுத்துக் காட்டுவார்கள். பதில் சொல்ல வழியிருக்காது.

போனில் ஆர்டர் கொடுப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை. ஆர்டரைக் கொடுத்தது வாடிக்கையாளர்தான் என்பதற்குக் குரல் பதிவோ, மின்னஞ்சலோ, கையெழுத்தோ புரோக்கர் வைத்திருக்க வேண்டும் என்பது செபி விதி. 'நான் சொல்லாத ஆர்டர் இது' என்று தகராறு வந்தால், அந்தப் பதிவைக் காட்ட வேண்டிய பொறுப்பு புரோக்கருடையது. அதனால் கம்பெனியின் பதிவாகும் லைனுக்கே கூப்பிடுங்கள், முகவரின் சொந்த செல்பேசிக்கு வேண்டாம்.

டிடிபிஐ-யில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பவர் ஆஃப் அட்டர்னி மாதிரிதானே? பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

டிடிபிஐ என்பது உங்கள் டீமேட்டிலிருந்து பங்கை எடுக்கப் புரோக்கருக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதிப் பத்திரம். பயத்துக்குக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் மீது செபி ஆணை பிறப்பித்தது. வாடிக்கையாளர் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை வைத்துப் பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, வங்கிகளில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தது அது. மறு ஆண்டு நவம்பரில் என்எஸ்இ அதை டிஃபால்டர் (கடமை தவறிய நிறுவனம்) என்று அறிவித்து உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது.

அதற்குப் பிறகு பூட்டுகள் கூடின. 2020 செப்டம்பர் முதல், மார்ஜின் என்ற முன்பணத்துக்கு ஈடாகப் பங்கை அடமானம் வைத்தாலும் அது உங்கள் டீமேட்டிலேயே 'பிளெட்ஜ்' என்ற குறியோடு இருக்கும். நீங்கள் ஓடிபி கொடுத்தால்தான் அடமானமே விழும். 2022 நவம்பரில் டிடிபிஐ வந்தது. நீங்கள் விற்ற பங்கை செட்டில்மென்டுக்கு எடுப்பது, மார்ஜின் அடமானம், மியூச்சுவல் ஃபண்ட் ஆர்டர், ஓப்பன் ஆஃபரில் (கம்பெனியைக் கைப்பற்றுபவர் மற்ற பங்குதாரர்களிடம் வாங்க முன்வரும்போது) பங்கு கொடுப்பது – இந்த நான்குக்கு மட்டுமே அது செல்லும். கட்டாயமும் இல்லை, கையெழுத்துப் போட மறுத்தால் கணக்குத் திறக்க மறுக்கக் கூடாது.

கையெழுத்துப் போடாவிட்டால், சிடிஎஸ்எல் கணக்கு என்றால், ஒவ்வொரு முறை விற்கும்போதும் டி-பின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபி-யும் கொடுக்க வேண்டும். மாதத்தில் ஓரிரு முறை விற்பவர் இதிலேயே இருக்கலாம். தினமும் விற்பவருக்கு டிடிபிஐ வசதி. காரணம் அடுத்த பதிலில்.

செவ்வாய்க்கிழமை 200 ரூபாய்க்கு விற்ற பங்குக்கு 'ஆக்‌ஷன்' என்று சொல்லி ஒரு பங்குக்கு 50 ரூபாய்க்கும் மேல் நஷ்டம் காட்டுகிறார்கள். விற்றதற்கு எப்படி நஷ்டம் வரும்? திங்கள்கிழமைதான் வாங்கியிருந்தேன்.
– வாசகர், சேலம்

விற்ற பங்கை நீங்கள் கொடுக்காததால்! திங்கள் வாங்கிய பங்கு செவ்வாய் மாலைதான் டீமேட்டுக்கு வரும். வருவதற்கு முன்பே செவ்வாய் காலையில் விற்றிருக்கிறீர்கள். உங்களுக்கு விற்றவர் பங்கு தராமல் கைவிரித்தால், நீங்கள் உங்களிடம் வாங்கியவருக்குக் கொடுக்க முடியாது.

அப்போது எக்ஸ்சேஞ்ச் மறுநாள் 'ஆக்‌ஷன்' என்ற ஏலத்தில் அந்தப் பங்கை வாங்க முயலும். அங்கேயும் கிடைக்கவில்லை என்றால் பணமாகத் தீர்க்கும். விலை இரண்டில் எது அதிகமோ அது: வியாபார நாளிலிருந்து ஏல நாள் வரை தொட்ட உச்ச விலை, அல்லது ஏல நாள் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம். ஏல நாளில் 210-இல் முடிந்திருந்தால் 252. நீங்கள் 200-க்கு விற்றதால் பங்குக்கு 52 ரூபாய் உங்கள் தலையில்.

இதே நிலை வேறு இரண்டு விதமாகவும் வரும். இன்ட்ராடேவில், அதாவது அதே நாளுக்குள் முடிக்கும் வியாபாரத்தில், முதலில் விற்றுவிட்டு, பங்கு அப்பர் சர்க்யூட்டில் (அன்றைக்கு அனுமதித்த உச்ச விலையில்) பூட்டிக்கொள்ள, திரும்ப வாங்க முடியாமல் நிற்பது ஒன்று. டி-பின் ஓடிபி-யைக் கொடுக்க மறந்து பங்கு டெலிவரி ஆகாமல் போவது மற்றொன்று. வியாபாரம் குறைவாக நடக்கும் சிறு பங்குகளில், முதல் நாள் வாங்கி மறுநாள் விற்கும் வேலையே வேண்டாம். பெரிய கம்பெனிப் பங்கில் இது அரிது.

டிரேடிங் கணக்கில் வைத்திருந்த 35,000 ரூபாய் நான் கேட்காமலே வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது. கணக்கை முடக்கிவிட்டார்களா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. பயன்படாத பணத்தை மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ புரோக்கர் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்குத் திருப்பியே ஆக வேண்டும் என்பது விதி. எது என்பதைக் கணக்குத் திறக்கும்போது நீங்கள்தான் தேர்வு செய்திருப்பீர்கள். மாதம் என்று மாற்றிக்கொள்வது நல்லது. பணம் வங்கியிலேயே இருக்கட்டும், யுபிஐ-யில் பிளாக் செய்து (தொகையை ஒதுக்கி வைத்து) வாங்கலாம் என்ற வசதியும் பெரிய புரோக்கர்களிடம் வந்துவிட்டது.

புரோக்கரை மாற்ற வேண்டும். எல்லாப் பங்கையும் விற்றுவிட்டுத்தான் போக வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

விற்கவே வேண்டாம், விற்றால் வரி வேறு. முதலில் புதிய புரோக்கரிடம் கணக்குத் திறந்து, அவரிடமிருந்து சிஎம்ஆர் என்ற ஒரு பக்கச் சான்றை வாங்குங்கள். அதில் புதிய டீமேட் எண், பெயர், பான் எல்லாம் இருக்கும். பழைய இடத்தில் அடமானம் இருந்தால் விடுவித்து, பாக்கியைத் தீர்த்து, கணக்கு மூடும் படிவத்தோடு சிஎம்ஆரையும் கொடுங்கள். ஒரே நபரின் கணக்குக்கு மாற்றி மூடுவதற்குக் கட்டணம் இல்லை.

படிவம் திரும்பி வருவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: கையெழுத்து பொருந்தாதது, கூட்டுக் கணக்கில் பெயர் வரிசை மாறியிருப்பது, பங்கை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஐஎன் எண்ணில் ஓர் இலக்கம் தவறுவது. கணவர் பெயர் முதலில், உங்கள் பெயர் இரண்டாவது என்றிருந்தால் புதிய கணக்கிலும் அதே வரிசை வேண்டும்.

பங்கு போகும், வாங்கிய விலை போகாது. புதிய ஆப்பில் விலை பூஜ்யம் என்று காட்டும். நீங்களே பதிவேற்ற வேண்டும். அதனால் பழைய கணக்கை மூடும் முன் எல்லா ஆண்டுகளின் கான்ட்ராக்ட் நோட்டையும் லாப நஷ்ட அறிக்கையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக்கு அதுதான் சான்று.

வாட்ஸ்அப் குரூப்பில் கொடுத்த ஆப்பில் 2 லட்சம் போட்டேன். இப்போது 9 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 'வரி' கட்டச் சொல்கிறார்கள்.
– வாசகர், மதுரை

கட்டாதீர்கள். அந்த 9 லட்சம் திரையில் எழுதிய எண், அவ்வளவுதான். எந்தப் புரோக்கரும் பணத்தை எடுக்க வரியைத் தனியாகக் கட்டச் சொல்வதில்லை. இதைப் படித்ததும் 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகாரைப் பதியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

மற்றவர்களுக்கு: புரோக்கரின் பதிவு எண் 'ஐஎன்இசட்' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அதை ஆப்பில் பார்த்து நம்பாமல், செபி இணையதளத்தின் பட்டியலில் தேடுங்கள். போலிகள் உண்மையான கம்பெனியின் எண்ணையே எடுத்துப் போடுவார்கள் என்பதால், பணம் போகும் இடத்தையும் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் செபி தனி யுபிஐ முகவரி கொண்டுவந்திருக்கிறது. புரோக்கருடைய முகவரியில் 'பிஆர்கே' என்ற எழுத்துகளும், @ குறிக்குப் பின் 'வேலிட்' என்ற சொல்லும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கும். பணம் செலுத்தும்போது பச்சை முக்கோணத்துக்குள் உயர்த்திய கட்டைவிரல் குறி தெரியும். ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

புரோக்கர் மீது புகார் என்றால் எங்கே போவது? அவர் திவாலானால் பணம் வருமா?
– வாசகர், திருநெல்வேலி

முதலில் புரோக்கரின் குறைதீர் மின்னஞ்சலுக்கு எழுத்தில். போனில் பேசிச் சமாதானமாகிவிடாதீர்கள். அதில் தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளம். 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற ஆன்லைன் தளத்தில் சமரசம், பிறகு மத்தியஸ்தத் தீர்ப்பு. 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதினால் நகராது. 'இந்தத் தேதி, இந்த டிரேடு எண், நான் ஆர்டர் கொடுக்கவில்லை, குரல் பதிவைக் காட்டுங்கள்' என்று எழுதினால் நகரும்.

எக்ஸ்சேஞ்ச் அவரை டிஃபால்டர் என்று அறிவித்தால், முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கோரலாம். என்எஸ்இ-யில் ஒருவருக்கு உச்சவரம்பு 35 லட்சம். எக்ஸ்சேஞ்சில் நடந்த வியாபாரத்துக்காகக் கொடுத்த பணமும் பங்கும் மட்டுமே இதில் அடங்கும். சந்தை இறங்கியதால் வந்த நஷ்டத்துக்குக் கிடையாது. முகவரிடம் கைமாற்றாகக் கொடுத்ததற்கும், ஈரோடு வாசகர் கேட்டாரே, அந்த மாதம் 3 சதவீதத் திட்டத்துக்கும் கிடையாது. கோரிக்கைப் படிவத்தோடு லெட்ஜர், கான்ட்ராக்ட் நோட், பணம் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட், டீமேட் அறிக்கை நான்கையும் இணைக்க வேண்டும். கம்பெனி மூடிய பிறகு அதன் ஆப் திறக்காது. அதனால் லெட்ஜரை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இறக்கி உங்கள் மின்னஞ்சலிலேயே போட்டு வையுங்கள்.